தூங்காத துணி

ஐப்பசி 4, திங்கள்

விடாத தூறல். கீழாநெல்லி குடித்தாயிற்று. காமாலை கண்ணில் குறைந்திருக்கிறது, உடம்பில் குறையவில்லை. உப்பில்லாப் பத்தியம். கஞ்சியில் வீட்டுக்காரி சரசு எனக்குத் தெரியாமல் ஒரு கல் உப்பு போடுகிறாள். நானும் தெரியாத மாதிரி குடிக்கிறேன்.

நேற்றுக் காலை அவள் தம்பி குமாரசாமியை நினைத்துக் கத்தித் தீர்த்தேன். மத்தியானம் தலை சீவக் கை எழவில்லை. நான் படுத்த நேரம் பார்த்து என்னிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன். பையரும் போய், அவனுக்காக என் தெம்பும் போவதா.

இனி: ஸ்கூட்டர் கிடையாது. போன் காலையில் மட்டும், உட்கார்ந்தபடி. கு.வை நினைப்பது சவரம் செய்யும்போது மட்டும். மிச்சத் தெம்பு சேர்ந்து கிடக்கட்டும். எதற்கென்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்

அவனை நினைத்ததில் கன்னத்தில் கத்தி வெட்டிவிட்டது. குளித்த பிறகு நினைக்க வேண்டும்.

மண்ணரையிலிருந்து டெய்லர் சுப்பு வந்தான், ஆரஞ்சுப் பழத்தோடு. இப்போது கு.விடம் வேலை.

"சின்னவரு என்ன சொல்றாரு?"

"அதெதுக்குங்க இப்ப…"

"சொல்லு, கண்ணு."

"மாமா துணியவே தூங்க வெச்சுத்தான் வெட்டுவாரு, இப்ப அவரும் தூங்கறாருன்னு சிரிக்கறாருங்க."

தூங்க வைப்பது. நல்ல பேர். பின்னல் துணி ஸ்டீம் காலண்டரிங் உருளைகளின் ஆவிச் சூட்டில் இழுபட்டு வரும். பிரித்து மடித்து ஒரு நாள் ஆறப் போட்டால் தன் அளவுக்குத் திரும்பும். பிறகுதான் கத்திரி. என்னிடம் வேலை பார்த்த காலமெல்லாம் கு. இதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்தான். காரணம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

வியாழன்

மழை. வீரபாண்டியில் சாயம் போட்ட துணி காயவே இல்லையாம். கு.வின் சரக்கு தாமதம். கப்பலைப் பிடிக்க ஓடுகிறான்.

காலண்டரிங் நாச்சிமுத்து போன்.

"அண்ணா, சின்னவரு சூட்டோட துணிய வண்டியில ஏத்தறாருங்க. இன்னைக்கே கட்டிங்காமா. நான் சொன்னாக் கேக்கறதில்லீங்க. நீங்க ஒரு வார்த்தை…"

"டாக்டர் பேசக் கூடாதுன்னிருக்காருப்பா."

சரசு கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். "என்ற தம்பீங்க. ஒரு வார்த்தைதானுங்களே."

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தெம்பில்ல."

மத்தியானம் நல்ல தூக்கம். காமாலையில் படுத்த பிறகு இப்படித் தூங்கியதில்லை.

அடுத்த புதன்

வெயில். போர்வைகள் மாடியில்.

பெட்டி கட்டும் முன் பையரின் ஏஜெண்ட் ஒரு பீஸை அலசிப் பார்த்தாராம். லார்ஜ் மீடியமாகிவிட்டது. இன்னும் சில அலசினார், எல்லாம் அப்படியே. மொத்தச் சரக்கும் நிறுத்தம்.

கு. வந்தான். அலசின டீ-ஷர்ட்டை அக்கா முன்னாலேயே மாட்டிக் காட்டினான். தொப்புள் தெரிந்தது.

"துணியில என்ன தப்புங்க மாமா?"

"துணியில ஒன்னுமில்ல மாப்ளே. அதுக்குத் தூக்கம் பத்தல."

டீ-ஷர்ட்டைக் கழற்றினான். பிறகு, "நாச்சிமுத்து அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணுனானாமா?"

"பண்ணுனான்."

அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவன் போனதும் சிரித்தேன். மூச்சு வாங்கியது. சேர்த்து வைத்ததில் பாதி அதிலேயே போயிற்று. தகும்.

வியாழன்

ஏஜெண்ட் போன். நாளை வீட்டுக்கே வருகிறார். ஆர்டர் பழையபடி நம்மிடம். வாசல் வரை நடந்து பார்த்தேன். கால் நடுங்கவில்லை.

சரசு நேற்றிலிருந்து பேச்சில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். கை நீட்டினேன்.

"சூடுங்க. ஆறட்டும்."

ஆறினதும் குடித்தேன். உப்பு இல்லை.