மாசிலாமணி குடும்பம், மூன்றாம் பாகம்

1944 ஆகஸ்ட், வெள்ளி. ஜப்பான்காரன் கணக்கில் இது 2604-ஆம் ஆண்டாம்.

மாசிலாமணி குடும்பத்துப் படத்தின் மூன்றாம் பாகம் இன்று எங்கள் கொட்டகையில் ஓடியது. ஓட்டியவன் நான்தான். இதைப் படம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சண்டை தொடங்கிய பிறகு இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஓர் அடி பிலிம்கூட வரவில்லை. முதலாளி பழைய இரண்டு பாகங்களையும் கண்டபடி வெட்டி, என்னை ஒட்டச் சொல்லிவிட்டு, 'புத்தம் புதிய பாகம்' என்று காஜா பேராங் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

மருமகள் வாசலில் ஒரு சேலை கட்டியிருக்கிறாள், கூடத்துக்குள் நுழைந்ததும் வேறு சேலை. இரண்டாம் பாகத்தில் பாடையில் போன மாசிலாமணி, கடைசி ரீலில் குடையோடு வந்து சோறு கேட்கிறார். சனம் கைதட்டுகிறது! மரவள்ளிக் கிழங்கோடு மூளையையும் அவித்துத் தின்றுவிட்டார்கள் போல.

அந்தக் கடைசித் துண்டையாவது நாளை வெட்டி எறிவது என்ற முடிவோடுதான் வீட்டுக்கு வந்தேன். அக்காவும் படத்துக்கு வந்திருந்தாள்.

"செத்தவன் எப்படிக்கா சோறு கேப்பான்? நீயும் கை தட்டுனியே!" என்றேன்.

"செத்தத யாருடா பாத்தா? பாடையத்தான காட்டுனான்," என்றாள். பிறகு, "அத வெட்டிறாத தம்பி. நாளைக்கும் வரேன்," என்றாள்.

அத்தானை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை.

மட்டமான படம். குடை வருகிற இடத்தில் ஒட்டு லேசாக விட்டிருக்கிறது. புட்டியில் மிச்சமிருக்கும் பசை அதற்குப் போதும். வேறெங்கு அறுந்தாலும் அறுந்து தொலையட்டும்.