தெருக்கோடி வீட்டுக்கு ஐந்து கிலோ தக்காளி

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதிக்கொண்டது. உன் அப்பாவின் முழங்காலையும் என் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நீ போன பிறகு நம் தெரு அடியோடு மாறிவிட்டது. பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை என்றதும் இங்கே மாடிக்கு மேல் மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இப்போது யாராவது வீடு விசாரித்தால் பெயரே வேண்டாம், வயதைச் சொன்னால் போதும், நான் வழி காட்டிவிடுவேன். பல்கலைக்கழக வாசலை ஒட்டி முதல் வருடப் பிள்ளைகள், படியில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் அழுவார்கள். சலவைக் கடையைத் தாண்டினால் மூன்றாம் வருடம், அவர்களை நினைத்து அம்மாக்கள் அழவேண்டியதுதான். தபால் நிலையத்துக்கு அப்பால் ஆராய்ச்சி செய்கிறவர்கள், பாதிப் பேருக்கு நரைத்துவிட்டது, படிப்பு எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, ஒருவனைக் கேட்டேன், அன்றிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறான். அதற்கும் பிறகு, ரயில்பாதைச் சுவரில் தெரு போய் முட்டிக்கொள்ளும் இடத்தில், நாங்கள். பக்கத்து வீட்டு வக்கீலும் மகன் வீட்டோடு போய்விட்டார், தலை நரைத்த குடும்பஸ்தர்கள் என்று இந்தத் தெருவில் மிச்சம் நாங்கள் இருவர்தான்.

கடைகளும் அப்படியே ஆகிவிட்டன. பாத்திரக் கடை ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. நம் காய்கடைக்காரர் தனியாகச் சமைக்கிற பிள்ளைகளுக்காக ஒரு தக்காளி, ஒரு உருளைக்கிழங்கு, கால் முட்டைக்கோஸ் என்று விற்கப்போக, அவருக்கு ஒத்தைக்காய் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்களும் எப்போது இரண்டு தக்காளி வாங்குகிறவர்களானோம் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் உன் அப்பா பையோடு போய் நின்றிருக்கிறார். "உங்களுக்கென்ன சார், ரெண்டே பேரு, ரெண்டு தக்காளி போட்டா முடிஞ்சுது" என்றிருக்கிறார் ஒத்தைக்காய். நல்ல மனிதர், கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. இவருக்குத்தான் அத்தனை பிள்ளைகள் முன்னால் என்ன பொத்துக்கொண்டு வந்ததோ, "அஞ்சு கிலோ போடுய்யா, என் பொண்ணு வர்றா" என்று சொல்லிவிட்டார். அதை அந்த முழங்காலோடு சுமந்து வந்து கூடத்தில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கால் கழுவப் போகிறார்.

தக்காளியை விடு, செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. நம் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சிப் பையன், "அக்கா வர்றாங்களாமே ஆன்ட்டி, என் மெத்தை புதுசு, எடுத்துக்கங்க" என்று வந்து நிற்கிறான். முதல் வருடப் பெண்கள் இருவர் வெளியூர் வேலையைப் பற்றி உன்னிடம் நிறையக் கேட்க வேண்டுமாம். உன் அப்பாவைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன், இந்த வயதில் பொய் சொல்லி மானத்தை வாங்குகிறீர்களே என்று. மனிதர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நீ வந்து மூன்று வருடமாகிறது என்பது அவருக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா.

சரி, நானே உண்மையைச் சொல்லி முடித்துவிடுகிறேன் என்று நேற்றுக் கிளம்பினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒத்தைக்காய் என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா என்னைக்கும்மா வருது, நல்ல காயா எடுத்து வைக்கணும்ல" என்றார். வாயைத் திறந்தேன். "காலேஜ் லீவு விட்டதும் வந்துடுவா, தெருவும் காலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, முழு முட்டைக்கோஸ் மூன்று வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தார்.

குளிரில் தலையை நனைக்காதே, வேலை வேலையென்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசிகள். லீவு அடுத்த மாதக் கடைசியில். வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, நாங்கள் வேறு தெருவில் வீடு பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவைத் திட்டும் தகுதியை நேற்றோடு இழந்துவிட்ட
உன் அம்மா