தோதியில் உப்பு ரொட்டி

அம்மாவுக்கு நூன்சியாவின் வணக்கமும் முத்தங்களும். முட்டிவலி குறைந்ததா? அப்பா மருந்து சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

மிலான்காரர்களை மலையூர்களுக்குக் கூட்டிப்போகும் சுற்றுலாவில் நான்தானே சமையல்? நேற்று தோதி என்ற மலையூரில் மதியச் சாப்பாடு. இந்த உம்ப்ரியா பக்கம் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். நான் கைப்பழக்கத்தில் நம் புல்யா மாதிரி உப்புப் போட்டுச் சுட்டுவிட்டேன். எங்களோடு வந்து அடுப்பைப் பார்க்கும் இந்தப் பக்கத்துக்காரி எர்சிலியா ஒரு துண்டைக் கடித்தாள்.

"ஏண்டி புல்யாக்காரி, கடல் தண்ணியையே ஊத்திட்டியா? ஊரே சிரிக்கும்டி!"

வேறு சுட நேரமில்லை. சுற்றுலா முதலாளி முறைத்தார். "ஒரு தட்டு மிஞ்சினாலும் நீ ஊருக்கு பஸ் ஏறிடு."

"பந்தியில வைங்க, பார்க்கலாம்" என்றேன்.

காட்டுப்பன்றிக் குழம்போடு ரொட்டி போனது. பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்கள், முதலாளி உட்பட! எர்சிலியா கடைசித் துண்டை யாருக்கும் தராமல் பிடித்துக்கொண்டு, "உப்பு ஜாஸ்திதான். நாளைக்கும் இதையே சுடு" என்றாள். ஜெயித்துவிட்டேன் அம்மா!

நம் வீட்டில் ரொட்டிக்குச் சேர்க்கும் புளித்த மாவைக் கொஞ்சம் காயவைத்து அனுப்புங்கள். வண்டி ஹாரன் அடிக்கிறது. மாவைச் சுற்ற உங்கள் சமையல் மேலங்கி போதும். அதைத் துவைக்க வேண்டாம், உங்கள் வாசனையோடேயே வரட்டும்.