ஒன்பதாம் நாள் பாங்கு

கண்டக்குழி,
வெள்ளிக்கிழமை.

மருமகன் ஸப்ரானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு நான் எழுதும் முதற் கடிதம் இது. தோஹாவுக்குத் திரும்பும் றஸ்மியிடம் கொடுத்தனுப்புகிறேன். படங்கள் உங்கள் போனுக்கு வந்திருக்கும். படத்தில் தெரியாததை எழுதுகிறேன்.

மகள் பஹ்மிதா நேற்றுத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு வந்தாள். பிறஷர் இறங்கிவிட்டது. தேநீரில் தொட்டு ஒரு துண்டுப் பாண் சாப்பிட்டாள். உங்கள் மகளின் நிறை ஒரு கிலோ இருநூற்றைம்பது. போதாது, ஆனால் ஏறுகிறது.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளையை யாராவது நெஞ்சில் தோலோடு தோலாக வைத்திருக்க வேண்டுமாம். தாயால் எழும்ப முடியாது. உங்கள் மாமிக்கு இருமல். நீங்களோ கடலுக்கு அப்பால். என்னைத்தான் உள்ளே விட்டார்கள். ஷேர்ட்டைக் கழற்றத் தயங்கினேன். “கழற்றுங்கோ சேர், நரைச்ச முடியெண்டு பிள்ளை கோவிக்காது” என்றார் நர்ஸ் றோசமேரி மிஸ்ஸி.

இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். சுவாசப்பையை எத்தனை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! ஒன்றும் தெரியாமல்தான் வரைந்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மூச்சுவிட மறந்துவிடுவாள். மெஷின் கத்தும், மிஸ்ஸி ஓடிவந்து பாதத்தைச் சுண்டுவார். என் நெஞ்சில் கிடந்தால் மறப்பதில்லை. நான் இழுத்தால் அவளும் இழுக்கிறாள். என் உள்ளங்கைக்குள் அடங்கும் முதுகு. அதற்குள் நண்டுக் குஞ்சு ஓடுவதுபோல் ஓர் இதயம். யாரிடமும் தயவு கேட்காமல் வாழ்ந்தவன், இரண்டு மணித்தியாலம் அசையாமலிருந்து, இன்னொரு மூச்சு, இன்னொன்று என்று அவளிடம் கெஞ்சினேன்.

உங்கள் வாப்பா சாஹுல் ஹமீதுக்கும் எனக்கும் உள்ளது உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன் அவர் என்மேல் போட்ட பெட்டிசத்தால் எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவி வராமல் போனது. உங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாவாகக் கையெழுத்திட்டேன். ஆனால் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் அவரோடு கைவைக்க மனமில்லாமல் பட்டினியாக வீடு வந்தேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். தினமும் மாம்புரியிலிருந்து பிளாஸ்கோடு வந்து வாங்குப் பலகையின் ஒரு முனையில் அவர் இருப்பார். மறுமுனையில் நான்.

நேற்றுப் பஹ்மிதா முதலில் கேட்டது, பிள்ளையின் காதில் யார் பாங்கு சொன்னது என்றுதான். உன் மாமா சொல்லியிருப்பார் என்றேன். சொன்ன பிறகுதான் திக்கென்றது. பிறந்தவுடன் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டோடிய பிள்ளையல்லவா! வெளியே வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு உங்கள் வாப்பாவிடம் வாய் திறந்தேன்.

“நீங்க சொல்லிட்டீங்கண்டுதானே சேர் நான் இருக்கேன்” என்றார்.

இரண்டு ஆண்களின் வீம்பில், பிள்ளையின் காதில் முதலில் விழவேண்டிய வார்த்தை ஒன்பது நாளாக விழவில்லை.

பிள்ளையை நெஞ்சில் வாங்கினேன். நானே சொல்லியிருக்கலாம், எனக்கும் உரிமை உண்டு. ஆனாலும் மிஸ்ஸியிடம் கேட்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். கை கழுவி வந்து, என் நெஞ்சின் மேல் குனிந்து, அவளுடைய வலது காதில் மெல்லப் பாங்கு சொன்னார். அவள் கண் திறந்தாள். முடியும்வரை என் நெஞ்சு முடியைப் பிடித்திருந்தாள். மற்றக் காது என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அதற்கு என்ன கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெட்டிசத்தை நான் மறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

லீவு கேளுங்கள், மகன். என் நெஞ்சு கொஞ்ச நாளைக்குத்தான். அவளுக்கு உங்களுடையது வேண்டும். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வந்ததும் பிள்ளை பிறந்ததற்கான அகீகாவுக்கு ஆடறுப்போம். அன்று உங்கள் வாப்பா இருக்கும் சஹனில் ஐந்து பேரை மட்டும் இருத்துங்கள். ஆறாவது இடம் காலியாக இருக்கட்டும்.

உங்கள் மாமா,
ஜுனைதீன்