சுயவிருப்ப விலகல் என்றால் என்ன?

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னாரில் வெயில் தணிந்ததா? உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? திருகோணமலையில் நான் சுகமாக இருக்கிறேன்.

போன கிழமை ஒரு சின்னச் சம்பவம். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களைக் கூட்டி எங்கள் மனேஜர் ஆங்கிலத்தில் பேசினார். வழக்கம்போல நான் அதைத் தமிழில் சொன்னேன். கம்பனியை மறுசீரமைப்பதால் எல்லோரும் சுயவிருப்ப விலகலுக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவர்களில் மூத்தவரான பாயிஸ் நானா மட்டும் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, அப்பிடியெண்டா என்ன?"

"மறுசீரமைப்பு எண்டா ஆள் குறைக்கிறது. சுயவிருப்ப விலகல் எண்டா, நீங்களாத்தான் வேலையை விட்டனீங்கள் எண்டு எழுதிக் குடுக்கிறது. பிறகு நட்டஈடு கேக்க ஏலாது."

"அப்ப நாங்க வைக்க மாட்டம்," என்று நானா பேனையைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவரும் வைக்கவில்லை. தொழில் திணைக்களத்தில் முறையிட்டுவிட்டு, இன்னும் வேலைக்கு வருகிறார்கள்.

மனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் அவ்வளவு நேரம் கதைத்ததில், அவர் சொன்னதற்கு மேலாக விளக்கிவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. இப்போது என்னோடு கதைப்பதில்லை. அவருக்குப் பயந்து அலுவலகத்தில் மற்றவர்களும் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போகிறார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லி மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரம் கோல் எடுங்கள். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுங்கள், அப்பா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகள்
பிரசாந்தினி