பாதி வீட்டை எழுதிக் கொடுத்த நாள்

மார்ச் 12, செவ்வாய்

இன்று என் கணவர், எங்கள் வீட்டில் தமக்கிருந்த பாதியை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டது நான்தான். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தம் தம்பிக்கு, எனக்குச் சொல்லாமல் மூன்றாம் முறையும் கடனுக்கு ஜாமீன் நின்றார். இனி எல்லாம் தனித்தனி.

"சார் எப்ப வீடு மாறுறாரு?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"மாறலைங்க. ஒரே வீட்லதான் இருப்போம்" என்றேன். இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வியர்வையோடு கூடத்தில் நின்றார்.

"ஃபேன் போட்டுக்கவா, மேரி?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அனுமதி கேட்டார்.

"என்னங்க இது, போடுங்க லா" என்று சொல்லி நானே சுவிட்சைத் தட்டினேன்.

இப்போது கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி ஒடுங்கிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.