வலப்பக்கம் இழுத்த வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மனைவி பஸ்ஸில்தான் போனாள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள். நோயாளிகள் ஊரின் நாலு மூலையிலும் இருக்கிறார்கள். மூன்று பஸ் மாறி வந்து, தன் முழங்காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. எனக்கு ஓட்ட வராது. சக்கரம், பிரேக் என்று கழற்றி மாட்ட மட்டும்தான் வரும்.

அவள் ஓட்டிப்போன வண்டி தடுப்புச் சுவரில் மோதி இன்றோடு பத்தொன்பது நாள்.

மார்ச் 5, வியாழன்

மகள் மாவுக்கட்டுக் கையோடு சாப்பிடப் பழகிவிட்டாள். "அம்மா இனிமே ஓட்டவே மாட்டாங்களாப்பா?" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் முன்னாலேயே கத்தினேன்: "பிரேக்கை எப்ப மிதிக்கணும்னே இவளுக்குத் தெரியல!" பதற்றத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும்...

மார்ச் 8, ஞாயிறு

வண்டியை விற்றுவிடச் சொல்கிறாள். விற்பதற்குமுன் பிரேக்கைச் சுத்தம் செய்யலாம் என்று ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன்.

சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அசையவே இல்லை. மிதித்தால் அது இரண்டு இரும்புப் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, தட்டின் இரு பக்கத்துப் பிரேக் பேடையும் சேர்த்து அழுத்த வேண்டும். பின்னைக் குறடால் பிடித்துத் திருகித் திருகித்தான் உருவ முடிந்தது. அதன் ரப்பர் உறை தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தது. உள்பக்கத்துப் பேடு இரும்புவரை தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கத்துப் பேடோ புதுசு மாதிரி!

வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன், அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் பிரேக் போட்டால் வலது மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும், வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்?

வலப்பக்கம்.

அவள் சொன்னாளே. மோதுவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே சொன்னாளே. "ஸ்டியரிங்கைக் கெட்டியா புடி" என்று நான்தானே சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

மருந்துக் கடையில் மதியம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் உறையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"என்ன கிரீஸ் போட்டீங்க சார்?"

"வீட்ல இருந்த பேரிங் கிரீஸ். போன வருஷம். இந்தப் பக்கத்துல மட்டும் கீச்சுனு சத்தம் வந்துச்சு."

"ஐயோ, அது ரப்பரை ஊத வெச்சிருமே. இதுக்குன்னு சிலிக்கோன் கிரீஸ் இருக்கே, கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். மாத்திரை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் பயந்து வேலை பார்க்கிற ஆள் நான்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

இன்றும் அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லையாம். கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். வெட்கங்கெட்டவன்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு பேடையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். "நான் போட்ட கிரீஸ்தான் தப்பு. நீ ஓட்டினதுல தப்பே இல்ல."

தேய்ந்த பேடைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"நான் சொன்னேன்ல."

"சொன்ன."

"ஒரு மாசமா என் காலையே நான் நம்பலைங்க. குழந்தை கையை ஒடிச்சது நான்தான்னு..." பிறகு, "எங்க அண்ணன் முன்னாடி சொன்னீங்களே, அதை எந்த மேஜைல வைப்பீங்க?"

மார்ச் 14, சனி

மச்சானுக்குப் போன் செய்து கிரீஸ் விஷயத்தைச் சொன்னேன். "சரி விடுங்க மாப்பிள்ளை" என்றார். "விடக் கூடாது மச்சான். தப்பு முழுக்க என்னோடது. அவ வாய் திறந்து சொல்லியும் நான் கேக்கல" என்றேன். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் பாதியில் நின்றது.

மார்ச் 15, ஞாயிறு

புது பின், புது உறை, புது பேடு, சிலிக்கோன் கிரீஸ். பின் போகும் துளையில் பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாமல் துடைத்தேன். பிரேக் ஆயில் வரும் ஹோஸ் இழுபடாமல் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அவளாகவே வெளியே வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எனக்குக் காட்டுங்க."

பின்னை அவளே செருகி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். "இறுகின தோள் மாதிரிதான் இருந்திருக்கு. பாவம்" என்றாள். காலிப்பரைச் சொன்னாள்.

மாலையில் தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்து நாலு சக்கரத்தையும் பார்க்கச் சொன்னேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நேரா நிக்குது" என்றார். அவள் ஓட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வண்டியை விலை கேட்டு வந்தவரிடம், "விக்கல" என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் சாவியை எடுத்தாள். "ரெண்டு பேரும் வர்றீங்களா?"

மகள் பின்னால் ஏறிக்கொண்டாள், நான் முன்னால். காலியான தெருவில் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தாள். அப்புறம்தான் பெரிய ரோட்டுக்குத் திருப்பினாள். சிக்னலில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. எங்கள் வண்டியும் நின்றது, கோடு போட்ட மாதிரி நேராக. என் வலது கால் தரையைத் துளைத்துவிடுவதுபோல அழுத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"காலை எடுங்க. பிரேக் என்கிட்ட இருக்கு."

எடுத்தேன்.